நேவி டே போட்டோ கண்காட்சி: மனசுல நிக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லுங்க

வேளச்சேரி வாசகன்:
எங்க ஏரியா லைப்ரரில டிசம்பர் முதல் வாரம் 71 இந்தியா-பாகிஸ்தான் போர் நேவி போட்டோ வெச்சிருந்தாங்க, இங்க நிறைய பேர் போயிருப்பீங்க. கராச்சிய அடிச்ச மிசைல் போட், விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் டெக்ல சீ ஹாக் போர் விமானம், பாதி நெட்ல பார்த்த படம்தான். என்னை அரிச்சிக்கிட்டே இருக்கிறது ஒரு குரூப் போட்டோ. முன்வரிசைல நாற்காலி போட்டு ஆபீசருங்க, கீழ இனிஷியலோட பேரு. பின்னாடி மூணு வரிசை வெள்ளை யூனிஃபார்ம் பசங்க, அவங்களுக்கு "மற்றும் பலர்", அவ்ளோதான். எண்பது தாண்டின ஒரு பெரியவர் பேரன் கையப் புடிச்சிக்கிட்டு வந்தார், கண்ணாடியக் கழட்டிட்டு மூக்கு ஃப்ரேம்ல படுற அளவுக்குக் கிட்ட போய், கடைசி வரிசைல விரல வெச்சு இவன் குக்கு, இவன் சிக்னல், இந்தப் படவா டெய்லி என் சோப்ப எடுத்துட்டுப் போயிருவான்னு பேரோட ஒவ்வொருத்தனா சொல்லிக்கிட்டே போறார். செக்யூரிட்டி வந்து "ஐயா, படத்தைத் தொடக்கூடாது"ன்னார். அவர் கைய எடுத்தார், பேச்சையும் நிறுத்திட்டார். பேரன் "போலாம் தாத்தா"ன்னு கூட்டிட்டுப் போயிட்டான்.

பாய்லர்ரூம் மக:
எங்க அப்பா விக்ராந்த்ல பாய்லர் ரூம். நாலு பாய்லர்ல ஒண்ணுல கிராக், மத்ததை வெச்சே ஓட்டுனாங்க, அந்தக் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். அப்பாவ வீல்சேர்ல கூட்டிட்டுப் போனேன். விக்ராந்த் படம் நிறைய இருந்துச்சு, எல்லாமே மேல் டெக், வெயில், விமானம், பைலட்டு சிரிக்கிறாரு. கீழ இருந்தவங்க படம் ஒண்ணு கூட இல்லையேப்பான்னேன். "அந்த இருட்டுலயும் சூட்டுலயும் எவன்டி கேமரா தூக்கிட்டு வருவான்"னார். அப்புறம் தூரத்துல இருந்து எடுத்த ஒரு படத்துல புகைபோக்கிய காட்டி, "இந்தா, இந்தப் புகை நாங்க போட்டது"ன்னு சொல்லிட்டு அங்கயே ரொம்ப நேரம் உக்காந்துட்டார். டிஃபன் சாப்பிடணும், சுகர் மாத்திரை போடணும்னு நான் பக்கத்துல நின்னு கத்திட்டிருக்கேன், காதுலயே வாங்கல.

கப்பல்கிறுக்கன்:
வாசகன் சார், "மற்றும் பலர்" லைப்ரரிக்காரன் தப்பு இல்ல, பழைய பிரிண்ட்ல பின்னாடி என்ன எழுதியிருக்கோ அதத்தான் போட முடியும். என் பிரச்சனை காஸிங்கற பாகிஸ்தான் சப்மரீன் பத்தின பேனல். "ராஜ்புத் கப்பல் வேட்டையாடி மூழ்கடித்தது"ன்னு ஒரே வரி. விசாகப்பட்டினம் வாசல்ல டிசம்பர் 3 ராத்திரி நடந்தது இன்னிக்கு வரைக்கும் தகராறுதான். ராஜ்புத் தண்ணிக்கடில வெடிக்கிற டெப்த் சார்ஜ் குண்டு போட்டுச்சுங்கறது நம்ம கட்சி, காஸி வெச்ச கண்ணிவெடியே அதுக்கு வெடிச்சிருச்சு இல்லன்னா உள்ளயே ஏதோ வெடிச்சிருச்சுங்கறது பாகிஸ்தான் கட்சி. ரெண்டையும் போட்டா என்ன கொறஞ்சிரும்? காஸி தேடி வந்த விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒளிஞ்சிருக்க, ராஜ்புத் நாந்தான் விக்ராந்துன்னு வயர்லெஸ்ல சத்தம் போட்டு ஏமாத்துனது இருக்கே, கிழக்குப் பிராந்தியத் தளபதி அட்மிரல் கிருஷ்ணன் மூளை அது, மனுசன் நாகர்கோவில்ல பொறந்தவரு, அதுக்கு ஒரு பேனல் கெடையாது. அனுபவமா? ஒரு ஸ்கூல் பையன் "அங்கிள், சப்மரீனுக்கு ஜன்னல் உண்டா"ன்னு கேட்டான். வேற ஒண்ணும் இல்ல.

மதுரை மீனா:
காஸிய விடுங்கண்ணா. நான் பார்த்தது நம்ம போர்க்கப்பல் குக்ரி பேனல். டிசம்பர் 9 ராத்திரி டையூ பக்கத்துல பாகிஸ்தானோட ஹாங்கோர் சப்மரீன் அடிச்சு முங்குனது, 18 ஆபீசர் 176 செய்லர்னு 194 பேர். கேப்டன் முல்லா படம் ஆளுயரத்துக்கு, கப்பலோடயே போனவரு, அது நியாயம்தான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மத்தவங்க பேர் லிஸ்ட்ட முழங்காலுக்குக் கீழ மாட்டியிருந்தாங்க, அதுவும் ரேங்க் வாரியா. ஒரு அம்மா தரையில குந்தி உக்காந்து விரல ஓட்டித் தேடுறாங்க. தாய்மாமாவாம். ரேங்க் என்னன்னு தெரியாது, பேரு மட்டுந்தான் தெரியும். நானும் கூட உக்காந்து தேடுனேன், கெடைச்சிருச்சு. போன்ல போட்டோ எடுக்கறாங்க, பல்பு வெளிச்சம் கண்ணாடில பட்டு சரியா அந்தப் பேர் மேலயே வெள்ளையா விழுது. கடைசில என் துப்பட்டாவ விரிச்சு மறைச்சுப் புடிச்சோம்.

நூலகப்பூச்சி:
நானும் வேற ஊர்ல லைப்ரரி வேலைதான். போன வருசம் நாங்க வெச்சப்ப ஒருத்தர் அவங்க அண்ணன் போட்டோவ லேமினேட் பண்ணிக் கொண்டு வந்து "இதையும் மாட்டுங்க"ன்னார், உள்ள படம் பழுப்பாகி ஒட்டிப் போயிருந்துச்சு, ஒண்ணும் பண்ண முடியல. அதனால எல்லாருக்கும் சொல்றேன், தயவுசெஞ்சு லேமினேட் பண்ணாதீங்க. ஒட்டுற ஆல்பம் வேண்டாம். செலோடேப் வேண்டவே வேண்டாம். பின்னாடி பால்பாயிண்ட்ல எழுதாதீங்க, அழுத்தம் முன்பக்கம் தெரியும், மெத்து பென்சில்ல லேசா எழுதுங்க, வரிசை, இடமிருந்து வலம், பேர், ஊர், கப்பல், வருசம். பழைய வழவழ பேப்பர்ல பென்சில் ஏறலன்னா தனித்தாள்ல எழுதி ஒரே கவர்ல போடுங்க. ஸ்கேன் பண்ணா 600 டிபிஐ, வாட்ஸ்அப்ல அனுப்புனா சுருங்கிடும், மெயில்லயோ பென்டிரைவ்லயோ குடுங்க. பீரோ மேல் தட்டு சூடு, கீழ் தட்டு ஈரம், நடுத்தட்டு நல்லது. சர்வீஸ் விவரம் வேணும்னா செய்லருங்களுக்கு மும்பை மான்கூர்ட்ல சீட்டா கேம்ப்ல பீரோ ஆஃப் செய்லர்ஸ் இருக்கு, சர்வீஸ் நம்பரோட எழுதணும். நம்பர் தெரியலன்னா பழைய பென்ஷன் பேப்பர்ல பாருங்க, அதுவும் இல்லன்னா உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல ஆபீஸ்ல கேளுங்க. முக்கியமா, வயசானவங்க பேசும்போது போன்ல ரெக்கார்ட் பட்டன அமுக்கிட்டு சும்மா இருங்க, நடுவுல தேதிய திருத்தாதீங்க.

தூத்துக்குடிக்காரன்:
யாரும் கேக்காத அட்வைஸ்க்கு நன்றி. எனக்கு ஒரு சந்தேகம், நம்ம நேவி 71லதான் பொறந்துச்சா? 1942 நவம்பர் 11, பெங்கால்னு கண்ணிவெடி அகற்றுற நம்ம சின்ன மைன்ஸ்வீப்பர் கப்பல், கூட ஒண்டினான்னு டச்சு டேங்கர், எதிர்ல சரக்குக் கப்பல்கள வேட்டையாடுற பத்தாயிரம் டன் ஜப்பான் ரெய்டர் ரெண்டு. அதுல ஒண்ணு முங்குச்சு, நம்மாளுக பொழைச்சு கரை சேந்தாங்க. கண்காட்சில ஒரு படம் இல்ல. 46 பிப்ரவரில பம்பாய்ல தல்வார்ங்கற நேவி கரைத்தளத்துல சோறு சரியில்லன்னு ஆரம்பிச்ச ஸ்ட்ரைக்ல வேலை போனவங்க, சுதந்திரம் வந்த பெறவும் அவங்கள நேவில திரும்ப எடுக்கல. அதுல ஒருத்தர் எங்க தெருவுல டீக்கடை வெச்சிருந்தாரு. நேவி டேக்கு ஸ்கூல்ல கொடி ஏத்துவாங்க, முன்னாள் வீரர்னு அவர ஒரு நாளும் கூப்ட்டதில்ல.

கப்பல்கிறுக்கன்:
நேவி டே டிசம்பர் 4, கராச்சி அடிச்ச நாள், அதனால 71 படந்தான் வெப்பாங்க. அந்த ரெய்டர் பெங்கால் சுட்டு முங்குச்சா ஒண்டினா சுட்டு முங்குச்சாங்கறதே தனி சண்டை.

வேளச்சேரி வாசகன்:
அண்ணன்மாரே, சண்டைக்குத் தனி இழை தொறங்க. மீனா, நீங்க சொன்னதைப் படிச்சுட்டு நேத்து மறுபடி போய், அந்தப் பெரியவர் எங்க இருப்பார்னு கேட்டேன். கவுண்டர்ல விசிட்டர் புக்கைத் தள்ளுனாங்க. நாலஞ்சு பக்கம் "சிறப்பு", "அருமை", "வாழ்க பாரதம்". ஒருத்தர் போன் நம்பர் கூட எழுதல. செக்யூரிட்டி சொல்றார், அவங்க ஆட்டோலதான் வந்தாங்க, ஸ்டாண்ட் ஆட்டோ மாதிரி இருந்துச்சுன்னு. சாயங்காலம் ஸ்டாண்ட்ல விசாரிக்கப் போறேன், யாராவது வர்றீங்களா?