ஹீட்சிங்க்ல ரெண்டாவது ஃபேன் போட்டதும் சூடு கூடிடுச்சு, அவசரம்

மின்மினி07
கம்ப்யூட்டர் ப்ராசஸர் சூட்டைத் தணிக்கிற ஹீட்சிங்க்ல முன்னாடி ஏற்கெனவே ஒரு ஃபேன் இருக்கு. சும்மா கிடந்த இன்னொண்ணை எடுத்துப் பின்பக்கமும் மாட்டினேன். குறையும்னு பார்த்தா வீடியோ ரெண்டர் பண்றப்போ 90 டிகிரி போகுது. மாட்டுறதுக்கு முன்னாடி 82தான். சத்தமும் ஜாஸ்தி. ரெண்டு ஃபேனும் நல்லாத்தான் சுத்துது. என்ன பண்ணலாம்? சீக்கிரம் சொல்லுங்க, வேலை பாதியில நிக்குது.

கம்பிக்கட்டு
என்ன ப்ராசஸர்? ஹீட்சிங்க் டவர் மாடலா, போர்டு பக்கம் கீழே ஊதுறதா? ரெண்டாவது ஃபேன் வயர் பிளக் 3 பின்னா 4 பின்னா? எதுல கனெக்ட் பண்ணியிருக்கீங்க?

பசைவாளி
ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல வைக்கிற பேஸ்ட்தான் ப்ரோ, சந்தேகமே வேணாம். கிளிப்பை இழுத்து மாட்டுறப்போ ஹீட்சிங்க் லேசா திரும்பியிருக்கும், அடியில காத்து புகுந்திருக்கும். கழட்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, புதுசா வைங்க. ஸ்க்ரூவை ஒரே பக்கம் இறுக்காம மூலைக்கு மூலை மாத்தி மாத்தி இறுக்குங்க.

வெப்பமானி
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு, தம்பி. "நல்லா சுத்துது" என்பது விவரமே அல்ல. திருப்பி மாட்டினாலும் ஃபேன் நன்றாகத்தான் சுற்றும். ப்ராசஸர், ஹீட்சிங்க் மாடல், ஒவ்வொரு ஃபேனின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), கேஸின் பின்புறம் ஃபேன் உண்டா, வேலை இல்லாதபோது எத்தனை டிகிரி: இதையெல்லாம் எழுதிவிட்டு வாருங்கள்.
அதுவரை பேஸ்ட்டைத் தொடாதீர்கள். ப்ராசஸர் உட்காரும் இடம் ஏஎம்4 வகை சாக்கெட்டாக இருந்து, ஆறிப்போன ஹீட்சிங்கை நேராக இழுத்தால் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வரலாம், அதன் அடியில் உள்ள பின்கள் வளையலாம். கழற்றியே ஆகவேண்டும் என்றால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, சூடு ஆறுமுன் இடமும் வலமும் மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

மின்மினி07
ரைசன் 7 5800எக்ஸ். ஒத்தை டவர், ரெண்டும் 120 மிமீ ஃபேன். ஒண்ணை ரெண்டாப் பிரிக்குற ஸ்ப்ளிட்டர் வயர் போட்டு ரெண்டையும் போர்டுல சிபியு (ப்ராசஸர்) ஃபேனுக்குன்னு இருக்குற பின்லயே குத்தியிருக்கேன். ஆர்பிஎம் ஒண்ணுதான் காட்டுது, 1450. கேஸ் பின்னாடி ஒரு ஃபேன் இருக்கு. ரெண்டையும் ஒரே மாதிரிதான் மாட்டியிருக்கேன், இறக்கை பக்கம் வெளியே தெரியுற மாதிரி.

கம்பிக்கட்டு
கடைசி வரியிலதான் விஷயம் இருக்கு. இறக்கை திறந்து தெரியுற பக்கம் காத்தை உள்ளே இழுக்கும். குறுக்குக் கம்பியும் நடு ஸ்டிக்கரும் இருக்குற பக்கம் வெளியே தள்ளும். உங்க ரெண்டு ஃபேனும் ஹீட்சிங்குக்குள்ளேயே ஊதுது. நடுவுல காத்து முட்டி, தகடுகளோட மேல் கீழ் இடுக்கு வழியா கசியுது. அதுக்கும் மேல, கேஸ் பின்னாடி இருக்குற ஃபேன் வெளியே தள்ளவேண்டிய காத்தை இந்தப் பின் ஃபேன் திரும்ப உள்ளே இழுக்குது.

பின் ஃபேனை மட்டும் திருப்புங்க. கம்பிப் பக்கம் கேஸோட பின்பக்கத்தைப் பார்க்கணும். ஃபிரேம் ஓரத்துல அம்புக்குறி இருந்தா, ஒண்ணு சுத்துற திசை, இன்னொண்ணு காத்து போற திசை. கிளிப்போட ரெண்டு நுனியையும் முதல்ல ஃபேனோட மூலைத் துளையில விட்டுட்டு, அப்புறம் வளைவை டவர் ஓரத்துக் காடியில அழுத்துங்க. கிளிப் கம்பி இறக்கைல உரசுதான்னு கையால ஒரு சுத்து சுத்திப் பாருங்க. ஓடுறப்போ மெல்லிசா ஒரு பேப்பர் துண்டைப் பின்னாடி பிடிச்சா, ஹீட்சிங்கை விட்டு விலகி ஆடணும். ஒட்டிக்கிட்டா இன்னும் தப்பு.

வெப்பமானி
சரியான பதில். ஒன்று சேர்க்கிறேன்: 5800எக்ஸின் உச்ச வரம்பே 90 டிகிரி. 90-இல் நிற்கிறது என்றால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்து அங்கே நிறுத்துகிறது என்று பொருள். உண்மையான இழப்பு டிகிரியில் தெரியாது, கிளாக் வேகத்தைப் பாருங்கள்.

பசைவாளி
திருப்பினாலும் பேஸ்ட் பழசுன்னா குறையாது, சொல்லிட்டேன்.

நாற்பதுடெசிபல்
எதுக்கு ரெண்டாவது ஃபேன்? ஒத்தை டவர்ல ரெண்டு போட்டா 1, 2 டிகிரி குறைஞ்சா பெரிசு. ஒரே அளவு சத்தம் போடுற ரெண்டு ஃபேன் சேர்ந்தா 3 டெசிபல் கூடும். அதுக்குப் பதிலா ஸ்டாட்டிக் பிரஷர் (தடையைத் தாண்டித் தள்ளுற அழுத்தம்) அதிகமா இருக்குற நல்ல ஃபேன் ஒண்ணே போதும். அட்டைப்பெட்டியில எத்தனை மிமீ நீர்னு போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்க.

கம்பிக்கட்டு
பெட்டியில போடுற அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீங்க. பிரஷர் எண், காத்து போற வழியை முழுசா அடைச்சு வச்சு அளந்தது. சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காத்து) எண், எதிர்ல தடையே இல்லாம அளந்தது. ஹீட்சிங்க்ல மாட்டினா ரெண்டுமே நடக்காது, நடுவுல எங்கேயோ ஓடும். அது எங்கேன்னு தெரிய ஃபேனோட முழு வளைகோடு (எவ்வளவு தடைக்கு எவ்வளவு காத்துங்கிற படம்) வேணும். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா ரெண்டு வச்சா காத்து ரெண்டு மடங்கு ஆகாது, தடையைத் தாண்டுற அழுத்தம்தான் கூடும். அதனால நெருக்கமான தகடு, குறைஞ்ச ஆர்பிஎம்னா பலன் இருக்கு. விலகின தகடுன்னா நீங்க சொல்றது சரி.

நாற்பதுடெசிபல்
வளைகோடு எத்தனை கம்பெனி வெளியிடுது? வாங்குறவருக்குக் கையில கிடைக்கிறது அந்த எண்தான். 1200 ஆர்பிஎம்ல 3 மிமீ தர்ற ஃபேனும் 3000-ல 3 மிமீ தர்ற ஃபேனும் ஒண்ணில்லைன்னு சேர்த்துப் பார்த்தா போதும்.

சாக்கெட்வாசி
140 மிமீ போடலாமே? சில 140 ஃபேன்ல 120-க்கு உண்டான 105 மிமீ துளை இடைவெளியே இருக்கும், அதே கிளிப் பிடிக்கும். வழக்கமான 140-க்கு 124.5 மிமீ, கிளிப் எட்டாது. 15 மிமீ தடிமன் ஃபேனுக்கும் 25 மிமீ கிளிப் தொளதொளன்னுதான் நிக்கும்.

வெப்பமானி
அவர் கேட்டது அதுவல்ல. 140 போட்டால் ரேம் மேல் இடித்து, ஃபேனை உயர்த்த வேண்டிவரும். உயர்த்தினால் கேஸ் மூடி இடிக்கும், மேல் விளிம்புக் காற்று தகட்டில் படாமலே போகும்.

மின்மினி07
திருப்பிட்டேன். இப்போ 79. சத்தம் மட்டும் குறையல, சும்மா இருக்கும்போதும் பின் ஃபேன் கத்துது.

கம்பிக்கட்டு
அப்போ அது 3 பின். முதல்லயே கேட்டேனே. 4 பின் ஃபேன்ல 12 வோல்ட் எப்பவும் இருக்கும், நாலாவது பின்ல வர்ற பிடபிள்யூஎம் சிக்னல்தான் வேகத்தைக் குறைக்கும். 3 பின்னுக்கு அந்தச் சிக்னல் போகாது, அதனால ஸ்ப்ளிட்டர்ல முழு வேகத்துலயே ஓடும். நீங்க பார்க்குற 1450 முன் ஃபேனோடது. ஸ்ப்ளிட்டர்ல ஒரு பிளக்குக்கு மட்டும்தான் வேகம் சொல்ற வயர் இருக்கும்.

பின் ஃபேனை ஸ்ப்ளிட்டர்ல இருந்து கழட்டி, போர்டுல காலியா இருக்குற, கேஸ் ஃபேனுக்கான பின்ல குத்துங்க. முன் ஃபேன் சிபியு ஃபேன் பின்லயே இருக்கட்டும், அது காலியா இருந்தா பயாஸ் (போர்டோட செட்டிங் மென்பொருள்) எரர் காட்டி நிக்கும். பயாஸ்ல அந்தக் கேஸ் ஃபேன் பின்னை டிசி மோடுக்கு (வோல்ட்டைக் குறைச்சு வேகத்தைக் குறைக்குறது) மாத்தி, எந்தச் சூட்டைப் பார்த்து ஓடணும்ங்கிற இடத்துல சிபியு தேர்ந்தெடுங்க. 40 சதவீதத்துல ஆரம்பிங்க. அதுக்குக் கீழே போனா சில ஃபேன் நின்ன இடத்துல இருந்து கிளம்பவே கிளம்பாது. இந்த ப்ராசஸர் சூடு ஒரு நொடியில ஏறி இறங்கும், அதனால ஸ்டெப் அப் நேரத்தை (ஃபேன் வேகம் ஏற எடுக்குற நேரம்) 3, 4 நொடி வைங்க. இல்லேன்னா ஃபேன் ஏறி இறங்கி ஓலமிடும்.

பசைவாளி
79-ல பேஸ்ட்டும் மாத்தினா 75 வரும்.

நாற்பதுடெசிபல்
5800எக்ஸ்ல வராது. எட்டு கோரும் ஒரே சின்னச் சிப்லெட்ல (சில்லுத் துண்டு) நெருக்கியிருக்கு, சூடு அங்கேயிருந்து வெளியே வர்றதுலதான் தடை. மின்மினி, பயாஸ்ல ஈகோ மோடு (ப்ராசஸர் எடுக்குற மின்சாரத்தைக் குறைக்குறது) 65 வாட் போட்டுப் பாருங்க, ரெண்டரும் கொஞ்சம்தான் மெதுவாகும்.