‘பாய்ந்தது’ என்றால் வேகம்தானா?

மேலூரான்:
கதை ஒன்றில் ‘விடியும்வரை வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது’ என்று எழுதியிருந்தேன். படித்த நண்பர் ஒருவர், புலி பாயும், காளை பாயும், வாய்க்கால் தண்ணீர் ஊர்ந்துதானே போகும், அது எங்கே பாய்கிறது என்று கேட்டுவிட்டார். எங்கள் பக்கம் ராத்திரி பூராவும் மண்வெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாலும் ‘தண்ணி பாயுது’ என்றுதான் சொல்வோம். யார் சொல்வது சரி?

கூடல்வாசி:
நீங்கள்தான். பாய்வதில் வேகம் பாதி, இன்னொன்றுக்குள் இறங்குவது பாதி. குண்டு உடம்பில் பாய்கிறது, தண்ணீர் மண்ணில் பாய்கிறது. ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்கிறோமே, மரம் உள்ளே வைரம் ஏற எத்தனை வருஷம் ஆகும், அதில் வேகம் எங்கே இருக்கிறது? பேப்பரில் ‘குண்டர் சட்டம் பாய்ந்தது’ என்று போடுகிறார்கள், அந்த ஃபைல் எத்தனை நாள் மேசையில் தூங்கியதோ!

வையைக்கரை:
அதற்காக வேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். அலங்காநல்லூரில் வாடிவாசல் திறந்ததும் காளை பாய்வதைத்தான் பார்க்கிறோம். ஆனால் கலித்தொகை 101ஆம் பாட்டில் பாய்கிறவர்கள் ஆட்கள். ‘முறையுளி பராஅய்ப் பாய்ந்தனர் தொழூஉ’ என்று வருகிறது. துறையிலும் மரத்தடியிலும் இருக்கிற தெய்வங்களை முறையாகக் கும்பிட்டுவிட்டு, காளைகள் நிற்கும் தொழுவுக்குள் குதிக்கிறார்கள். வேகமும் இருக்கிறது, கூடல்வாசி சொல்கிற உள்ளே இறங்குவதும் இருக்கிறது. வேகம் மட்டும் போதும் என்றால் அதற்குத் தனிச் சொற்கள் இருந்தன. ‘கதழ்வும் துனைவும் விரைவின் பொருள’ என்கிறது தொல்காப்பிய உரியியல். அந்த இரண்டும் பேச்சில் போயே போய்விட்டன, மாட்டுத்தாவணியில் நின்று ‘துனைந்து வா’ என்றால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ‘விரை’ மட்டும் ‘வெரசா வா’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மேலூரான்:
வைரம் பாய்ந்த கட்டை எனக்குத் தோன்றவே இல்லை, நண்பருக்கு இப்போதே அனுப்புகிறேன். உள்ளே இறங்குவதுதான் விஷயம் என்றால் ‘வயலுக்கு’ என்பதை ‘வயலுக்குள்’ என்று மாற்றிவிடலாமா?

கூடல்வாசி:
மாற்றாதீர்கள். ‘வயலுக்குள்’ என்றால் கரை உடைந்து வெள்ளம் புகுந்த மாதிரி இருக்கும். ‘வயலுக்குத் தண்ணி பாயுது’ என்றால்தான் நீங்கள் மடையைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருப்பது தெரியும்.