அப்பாரு நோட்டு

குழு: அப்பாரு வீடு

சனிக்கிழமை

பெரியப்பா, காலை 6:10
எல்லோருக்கும் வணக்கம். ஐயனின் (பேரப்பிள்ளைகளுக்கு அப்பாரு) முதலாண்டு நினைவு நாளுக்கு இன்னும் எழுபது நாள்கூட இல்லை. நம் வட்டாரச் சொற்களுக்கு அவர் விளக்கம் எழுதி வைத்த சொல் நோட்டைப் புத்தகமாக்கி, அன்று வருகிறவர்கள் கையில் கொடுப்பது என்று காரியத்தன்றே பேசினோம். இதுவரை ஒரு பக்கம்கூட நகரவில்லை.

சித்தப்பா, 6:31
எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு கடையில் பாதி தட்டச்சு செய்து கொடுத்தார்களே. அதையே தொடரலாம்.

கவின், 6:40
அந்தச் சிடியைத் திறந்து பார்த்துவிட்டேன் அப்பா. பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. பக்கம் அமைத்த மென்பொருளும் விலைக்கு வாங்குவது. நம்மிடம் இல்லை, கடையும் இப்போது இல்லை.

அத்தை, 6:44
பணம் கொடுத்தது யார்?

சித்தப்பா, 6:45
நான்தான்.

அத்தை, 6:45
ஐயனின் அச்சகத்து ஈய எழுத்துகளை விற்ற பணமா?

அம்மா, 6:47
காலையிலேயே வேண்டாம் அண்ணி.

செந்தில், 7:02
மாத வாடகைக்கு ஒரு மென்பொருள் எடுக்கலாமா? மூன்று மாதம் போதுமே.

நித்யா, 7:25
வேண்டாம் மச்சான். வாடகை நின்றதும் கோப்பும் பூட்டிக்கொள்ளும், மறுபடி அந்தச் சிடி கதைதான். சற்று நீளமாக எழுதுகிறேன், எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் இருக்கிறது. டொனால்ட் கனுத் என்ற கணினியியல் பேராசிரியர், 1977-இல் தம் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பைப் பார்த்திருக்கிறார். எழுத்துகள் அவலட்சணமாக இருந்தன. மனம் பொறுக்காமல், பக்கத்தை அழகாகக் கோக்கும் மென்பொருளைத் தாமே எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு முதல் வடிவம் வந்தது. யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் புள்ளி தேய்ந்திருந்தது என்று இருநூறையும் கிழித்துப் போட்டு மறுபடி அச்சடித்த அப்பாருக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கும்.

நித்யா, 7:38
இப்போது எங்கே எப்படி எடுப்பது என்பது. விண்டோஸில் டெக்கை நிறுவ மிக்டெக், டெக் லைவ் என்று இரண்டு தொகுப்புகள் உண்டு. மிக்டெக் சிறிதாக இறங்கும், பிறகு தேவைப்படும் பொதியை ஒவ்வொன்றாக இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். கோபி வீட்டில் இணையம் வருவதும் போவதுமாக இருப்பதால் அது நமக்கு ஒத்து வராது. செந்தில் மச்சான் டெக் லைவ் போடட்டும். என் மேக்குக்கு மேக்டெக், உள்ளே இருப்பது அதே டெக் லைவ்தான். கவின், உன் கணினியில் ஓடும் உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலும் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் முந்தைய ஆண்டின் பதிப்பாக இருக்கும். டெக் லைவ் ஆண்டுக்கு ஒரு பதிப்பு வெளிவருகிறது. மூன்று பேரும் ஒரே ஆண்டின் பதிப்பை, ஒரே எழுத்துருவுடன் வைத்துக்கொண்டால்தான் வரியும் பக்கமும் ஒரே இடத்தில் உடையும். இல்லாவிட்டால் என் கணினியில் 41-ஆம் பக்கத்தில் இருக்கும் ‘பொடக்காளி’ உன் கணினியில் 42-க்குப் போய்விடும்.

சித்தப்பா, 7:41
எவ்வளவு ஆகும்?

நித்யா, 7:41
ஒன்றும் ஆகாது சித்தப்பா.

சித்தப்பா, 7:43
இலவசம் என்றால் நாளைக்கு நின்றுவிடாதா?

நித்யா, 7:50
காசு கொடுத்ததுதானே நின்றது. இதில் நாம் எழுதி வைப்பது வெறும் எழுத்துக் கோப்பு. எந்தக் கணினியிலும் எந்தக் குறிப்பேட்டிலும் திறக்கும். டெக்கே இல்லாமல் போனாலும் அப்பாருவின் சொற்கள் போகாது.

அம்மா, 7:55
வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்களா? கீழ்பவானி பக்கம் யாராவது சொல்லுங்கள்.

பெரியப்பா, 8:01
ஆகஸ்ட் 15 என்றுதான் வழக்கம். இந்த முறை இன்னும் தகவல் இல்லை.

அத்தை, 8:04
மஞ்சள் நட்டவர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

செந்தில், 8:30
பெரிய மாமா கணினியில் எதைப் போடுவது? அது விண்டோஸ் 7, 32 பிட்.

நித்யா, 8:36
புதிய டெக் லைவ் அதில் ஓடாது. விண்டோஸுக்கு 2023 பதிப்பிலிருந்து 64 பிட் மட்டும்தான். பழைய ஆண்டுகளின் பதிப்புகளும் இணையத்தில் காப்பகத்தில் கிடைக்கின்றன. ஆனால் அவருக்காக எல்லோரும் பழைய பதிப்புக்குப் போனால்...

பெரியப்பா, 8:40
எனக்கு ஒன்றும் போட வேண்டாம் அம்மணி. காகிதத்தில் எடுத்துக் கொடுங்கள். சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன்.

கவின், பிற்பகல் 2:15
கல்லூரியில் டெக் லைவின் முழு வட்டுக் கோப்பை இறக்கிவிட்டேன், 5 ஜிபிக்கு மேல். பென்டிரைவில் ஏற மறுக்கிறது. 32 ஜிபி பென்டிரைவ், காலியாகத்தான் இருக்கிறது. ‘கோப்பு மிகப் பெரியது’ என்கிறது.

நித்யா, 2:22
பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருக்கிறது. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி மறுபடி ஏற்று. மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பார்த்துக்கொள்.

கவின், 2:51
ஏறிவிட்டது அக்கா. என்னுடையதிலும் இதிலிருந்தே நிறுவிவிட்டேன்.

செந்தில், 2:53
எனக்கு ஒரு நகல். தவறில்லையே?

நித்யா, 2:54
பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் தவறில்லை. அப்படிக் கொடுக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

கவின், மாலை 6:20
முதல் பக்கம் பாருங்கள். [பிடிஎஃப்]

பெரியப்பா, 6:33
கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது. ‘பெரியவர்’ என்பதில் முதலில் ப, அதற்கப்புறம் கொம்பு. ஐயன் பார்த்தால் சாப்பிடாமல் எழுந்துவிடுவார்.

நித்யா, 6:40
கவின், ஸீடெக்கில் (டெக்கின் யூனிகோடு வடிவம்) எழுத்துருவின் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறாய். எழுத்துமுறை தமிழ் என்றும் சொல்ல வேண்டும். கணினி மனத்தில் ப-வை முன்னும் கொம்பைப் பின்னுமாகத்தான் வைத்திருக்கும். தமிழ் என்று சொன்ன பிறகுதான் இடம் மாற்றிக் கோக்கும்.

கவின், 6:58
சரியாகிவிட்டது. [பிடிஎஃப்]

அம்மா, 7:00
அழகாக இருக்கிறது.

பெரியப்பா, 7:15
எழுத்து நன்று. ஒரு குறை. ஐயன் நோட்டில் ‘ஒறம்பரை’ என்ற சொல்லில் றகரத்தைத் தொட்டுப் பாருங்கள், அழுத்தி எழுதியிருப்பார். ‘கலை’, ‘பனை’ வரும் இடமெல்லாம் யானைத் துதிக்கை போல் மேலே சுழித்த பழைய லை, னை. 1935-இல் ஈரோட்டுப் பெரியார் குடியரசு இதழில் மாற்றியதை அரசு 1978-இல்தான் ஆணையாக்கியது. ணா, றா, னா, ணை, லை என்று பதின்மூன்று எழுத்துகள் மாறின. ஐயன் அச்சகத்தில் புதிய முறைக்கு மாறினார், ஆனால் எழுத்துப் பெட்டியில் பழைய லை கிடந்த அறையைக் கடைசி வரை காலி செய்யவில்லை. அது ஒரே ஈயத்துண்டு, சுழியோடு வார்த்தது. கையெழுத்தில் அவர் மாறவே இல்லை. புத்தகத்தில் அவருடைய லை வேண்டும்.

செந்தில், 7:18
படிக்கிற பிள்ளைகளுக்குப் புரியாது மாமா.

அத்தை, 7:19
அவர் எழுதியது அவர் எழுத்தில்தான் வர வேண்டும்.

நித்யா, 7:34
இரண்டும் முடியும்! லோகித் தமிழ் கிளாசிக்கல் என்ற எழுத்துரு இருக்கிறது, அதுவும் இலவசம். பழைய சுழிகளோடு செய்தது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ல-வுக்கும் ஐகாரக் குறிக்கும்தான் எண், அவை சேர்ந்து வரும் வடிவத்துக்கு இல்லை. தட்டச்சு செய்ததில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், எழுத்துருவை மட்டும் மாற்றினால் சுழி வந்துவிடும். அப்பாருவின் சொல்லும் விளக்கமும் பழைய எழுத்தில், நம் குறிப்புகள் இன்றைய எழுத்தில்.

பெரியப்பா, 7:36
இதை எனக்கு அச்சில் காட்டுங்கள். பிறகு பேசுவோம்.

கவின், 9:10
சொல்லடைவு போட்டுப் பார்த்தேன். வரிசை தவறாக வருகிறது. ‘அப்பாரு’வுக்கு முன்னால் ‘அனல்’ வருகிறது. ‘ஒழவு’க்கு முன்னால் ‘ஒறம்பரை’.

நித்யா, 9:17
யூனிகோடு எண் வரிசை அப்படி. அதில் ந-வுக்கு அடுத்தே ன, ர-வுக்கு அடுத்தே ற. நம் அகரவரிசையில் இரண்டும் கடைசி.

கவின், 9:19
ஒரு சிறு நிரல் எழுதி நானே வரிசைப்படுத்துகிறேன். புள்ளி வைத்த எழுத்து முதலில்தானே பெரியப்பா?

பெரியப்பா, 9:21
ஆமாம் கண்ணு. ‘க்’ முதலில், பிறகு ‘க’.

ஞாயிற்றுக்கிழமை

சித்தப்பா, காலை 7:05
எத்தனை பிரதி? ஐந்நூறு என்றால் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

அம்மா, 7:09
இருநூறு போதாதா? சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்பதே முடிவாகவில்லை.

செந்தில், 7:12
பின்னட்டையில் பெயர்கள் எந்த வரிசையில்?

அத்தை, 7:13
அஞ்சலிப் பலகையில் என் பெயரே இல்லை. இதிலாவது இருக்குமா?

சித்தப்பா, 7:20
அக்கா, அந்தப் பலகை அடிக்கும்போது நான் ஆஸ்பத்திரியில் ஐயன் பக்கத்தில் இருந்தேன். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. ஈயம் விற்றது என் தவறுதான். அன்றைக்குப் பனியன் கம்பெனிக்குச் சம்பளம் கொடுக்க வேறு வழி இல்லை.

அத்தை, 7:48
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கவின், 8:02
மூன்று நோட்டுதான் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது ‘போசி’யோடு முடிகிறது. மகரம் தொடங்கி மீதி எல்லாம் நான்காவதில் இருக்க வேண்டும். அது யாரிடம்?

பெரியப்பா, 8:05
அட்டாலியில் தேடிவிட்டேன். இல்லை.

நித்யா, 8:06
‘வேசகாலம்’ அதில்தான் வரும். அப்பாரு எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்.

அத்தை, 8:40
என் பீரோவில் இருக்கிறது.

அத்தை, 8:41
கவின், பவானிக்கு வந்து இங்கேயே உட்கார்ந்து அடி. நோட்டு வெளியே போகாது.

கவின், 8:42
அடுத்த ஞாயிறு வருகிறேன் அத்தை. பென்டிரைவோடு.

சித்தப்பா, 8:50
நானும் வரலாமா?

அம்மா, 8:58
தண்ணீர் விடும் தேதி வந்துவிட்டதாம், யாரோ சொன்னார்கள்.

அத்தை, 9:15
சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.