பெல்ட் வண்டி வெலை டாலரால ஏறிருச்சுங்கறாங்க, இப்பவே எடுக்கறதா பொறுக்கறதா?

கொழிஞ்சாம்பாறை நெல்லுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம், ஆழியாத்துத் தண்ணிய நம்பி நெல்லு, கூடவே கொஞ்சம் தென்னை. எங்க பாடசேகரத்துல (பக்கத்துப் பக்கத்து நெல் வயல்காரங்க சேர்ந்த குழு) எட்டு பேரு சேர்ந்து சொந்தமா ஒரு பெல்ட் வண்டி, அதாவது டயருக்குப் பதிலா ரப்பர் டிராக்குல ஓடற நெல் அறுப்பு வண்டி, எடுக்கலாம்னு ரெண்டு வருஷமா பேசிட்டு இருக்கோம். ரெண்டாம் விளை அறுப்புக்கு ஊருக்கே ஒரே நேரத்துல கதிர் முத்திருது, தமிழ்நாட்டுல இருந்து வர்ற வண்டிக்கு எல்லாரும் வரிசை கட்டி நிக்கறோம், போன வருஷம் ஆறு நாள் காத்திருந்ததுல என் வயல்ல பாதி சாஞ்சு, நடுவுல ஒரு மழையும் அடிச்சு, கதிரத் தூக்கிப் பாத்தா அடிப்பக்கம் வெள்ளையா முளை விட்டிருக்குது. அதப் பாத்த அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம், வண்டி எடுத்தே ஆகணும்னு.

2025 மே மாசம் டீலர்கிட்ட கேட்டப்ப ஜிஎஸ்டியோட சேர்த்து 28 லட்சம்னாங்க. தாய்லாந்துல செஞ்சு வர்ற வண்டி. அப்ப லோன் அமையல. இப்ப லோன் சரியாகி போய்க் கேட்டா 29 லட்சத்து 80 ஆயிரம்ங்கறாங்க. ஏனுங்கன்னு கேட்டா, டாலர் 85ல இருந்து 90 தாண்டிருச்சு, நாங்க என்ன பண்றதுன்னு ஒரே பதில். கொட்டேஷன்ல கடைசியா பொடி எழுத்துல, டெலிவரி அன்னைக்கு இருக்கற அன்னியச் செலாவணி ரேட்டுப்படி வெலை மாறும்னு வேற போட்டிருக்கு. அட்வான்ஸ் 5 லட்சம் கட்டுனா மாசிக் கடைசிக்குள்ள வண்டி வந்துருமாம்.

ரூபா மறுபடி தேறுமா, கொஞ்சம் பொறுத்தா வெலை எறங்குமா? இல்ல இன்னும் ஏறிருமா? எட்டு வீட்டுப் பணமுங்க, நான்தான் முன்ன நின்னு பேசிட்டு இருக்கேன், தப்பா போயிறக் கூடாது.

ஆத்தூர் அறுப்பு வண்டி:

தம்பி, நான் சேலம் ஆத்தூர். எங்க ரெண்டு வண்டியும் வருஷா வருஷம் பாலக்காட்டுக்கு அறுப்புக்கு வர்றதுதான், சித்தூர், கொல்லங்கோடு எல்லாம் அத்துப்படி.

ரேட்டுக்காக பொறுக்கற விஷயத்துல நான் ரெண்டு பக்கமும் பாத்தவன். 2013 ஆகஸ்ட் கடைசியில டாலர் 68 தாண்டுச்சு, எல்லாரும் பயந்தாங்க, நான் பொறுத்தேன், அக்டோபர்ல 61, 62க்கு வந்துருச்சு. அந்த ருசியில 2022 அக்டோபர்ல 83 ஆனப்பவும் இது எப்படியும் எறங்கும்னு உக்காந்தேன். 81 பக்கம் வந்த மாதிரி வந்துட்டு திரும்பப் போயிருச்சு, அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் பழைய ரேட்டுக்கு வரவே இல்ல. எனக்கு ஒரு சீசன் போச்சு. ஒரு வண்டி ஒரு சீசன் ஓடலைன்னா போற காசு, ரூபா ஒண்ணு ரெண்டு எறங்கி வர்ற காசை விட ரொம்பப் பெருசு. அதனால ரேட்டப் பாத்து நாள் குறிக்காதீங்க, அறுப்பப் பாத்து குறிங்க.

ஆனா யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு. வண்டி வாங்கறது ஒரு தடவை, பார்ட்ஸ் வாங்கறது வண்டி இருக்கற வரைக்கும். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கம் கரிசல் மண்ணு, காஞ்ச வரப்புல ஏத்தி எறக்கி ஓட்டுனா ரப்பர் டிராக்கு சீக்கிரம் தேஞ்சிரும். மொதல்ல ஓரப் பல்லு ஒவ்வொண்ணா பேந்து போகும், அப்புறம் ரப்பர் வெடிச்சு உள்ள இருக்கற ஸ்டீல் கம்பி பல்லிளிக்கும், அதோட ஓட்டுனீங்கன்னா ஒரு நாள் நடு வயல்ல அந்து நிக்கும். எங்களுக்கு ஒரு தடவை கொல்லங்கோட்டுல அப்படி நின்னு, கம்பெனி டிராக்கு ஸ்டாக் இல்லைன்னு நாலு நாள் வண்டி சேத்துலயே கெடந்துச்சு. டாலரோ தாய்லாந்துக் காசு பாட்டோ ஏறுனா அந்த வெலை எல்லாம் மறு வாரமே ஏறும், எறங்குனா மட்டும் பழைய ஸ்டாக்குன்னு சொல்லுவாங்க. வெலை பேசறப்பவே பிளேடு செட்டு, பெல்ட்டு செட்டு, பேரிங் இதெல்லாம் வண்டியோட சேத்து எழுதி வாங்கிருங்க.

கம்பம் ஏலக்காய்:

அண்ணே, நான் கம்பம், தோட்டம் வண்டன்மேட்டுல. அறுப்பு வண்டி எனக்குத் தெரியாது, ஆனா ஏலக்காய் கலர் பிரிக்கிற மெஷின் சைனாவுல இருந்து நாங்களே நேரா இறக்குனோம், அதுல பட்ட அனுபவத்தச் சொல்றேன்.

வெளிநாட்டு மெஷினுக்கு ரேட்டுன்னா ஒரு ரேட்டு இல்லண்ணே, மூணு நாள் ரேட்டு. அட்வான்ஸ் அனுப்புற நாளு, கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி மீதி அனுப்புற நாளு, அப்புறம் சரக்கு வந்து கஸ்டம்ஸ்ல பில் போடுற நாளு. நாங்க 30 சதவீதம் முதல்ல, 70 அப்புறம். நடுவுல ரெண்டு மாசத்துல டாலர் ஏறுன ஏத்தத்துல ஏறக்குறைய முக்கால்வாசி நம்ம தலையிலதான் விழுந்துச்சு. வரிக்கு கஸ்டம்ஸ்காரங்க மாசம் ரெண்டு தடவை அவங்களே ஒரு ரேட்டு அறிவிக்கிறாங்க, அதுதான் கணக்கு, நீங்க போன்ல பாக்குற ரேட்டு இல்ல. பேங்க்லயும் அதே கதைதான், போன்ல 90ன்னு காட்டும், பேங்க் விக்கிற ரேட்டு அதுக்கு மேல இருக்கும், பெரிய தொகைன்னா பேசிக் குறைக்கலாம், கேக்காதவங்களுக்குக் குறைக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, எங்களுக்கு டாலர் ஏறுனா ஒரு கையில போறது இன்னொரு கையில வரும், ஏலக்காய் வாங்குற சவுதியோட காசு ரியால் 1986ல இருந்து ஒரு டாலருக்கு 3.75ன்னு கட்டியே கெடக்கு, அதனால டாலர் ஏறுனா வெளிநாட்டுக்கு அனுப்புறவங்க ஏலத்துல கொஞ்சம் கூட்டிக் கேப்பாங்க. நெல்லுக்கு அது கிடையாது. 2025-26க்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபா, டாலர் 100 ஆனாலும் அது அப்படியேதான். மானியம் கிடைச்சாலும் அதோட உச்ச வரம்பு ரூபாயிலதான் இருக்கும், ரேட்டு ஏறுனா மொத்தமும் உங்க பங்குலதான் ஏறும். அதனால உங்களுக்கு அந்தப் பொடி எழுத்து ரொம்ப ஆபத்துண்ணே. ரேட்ட இன்னைக்கே நிறுத்தி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. பெரிய கம்பெனிங்க பேங்க்ல முன்கூட்டியே ரேட்டு பிடிச்சு வச்சிருப்பாங்க, ஃபார்வர்டுன்னு பேரு, அதுக்கு ஆகுற செலவு வருஷத்துக்கு ரெண்டு மூணு சதவீதம்தான், ஆறு வாரத்துக்குன்னா அது பெரிய காசே இல்ல. டீலர் முடியாதுன்னா ரேட்டு ஏறுற ஆபத்த உங்ககிட்ட தள்ளி விடுறாருன்னு அர்த்தம்.

பள்ளிப்பட்டு விவசாயி:

நாங்க ஆந்திரா பார்டர், நகரி பக்கம். உள்நாட்டுல செய்யற டயர் வண்டி எடுத்தோம், டாலர் தொல்லை கம்மி, பார்ட்ஸ் எல்லா ஊர்லயும் கிடைக்குது. ஆனா ஈரம் இருந்தா எறங்கிடும், உங்க ஊர் வயலுக்கு சரி வராது. அதனால வெளிநாட்டு வண்டி வேணாம்னு நான் சொல்லல, கணக்குல இதையும் வச்சுக்கோங்கன்னுதான் சொல்றேன்.

கோவை கணக்கு:

நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. உங்க ரெண்டு விலையையும் பாத்ததும் ஒரு விஷயம் உறுத்துச்சுங்க, இதுவரைக்கும் யாரும் தொடல. 2025 செப்டம்பர் 22ல இருந்து அறுவடை மெஷினுக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. உங்க மே மாச 28 லட்சத்துல 12 சதவீதம் இருந்துச்சு.

பேப்பர்ல போட்டுப் பாருங்க. 28 லட்சத்துல ஜிஎஸ்டிய எடுத்தா 25 லட்சம். அந்த 25 லட்சமும் முழுசா டாலர்தான்னு வச்சுக்குவோம், டீலர் கமிஷன், லாரி வாடகை எல்லாம் ரூபாய்ங்கறதையே மறந்துருவோம். 85ல இருந்து 90ன்னா 26 லட்சத்து 47 ஆயிரம். அதுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி சேத்தா 27 லட்சத்து 79 ஆயிரம். அதாவது டாலர் ஏறுனதுக்கு அப்புறமும் மே மாச விலைய விட 20 ஆயிரம் கம்மியா வரணும். அவங்க 1 லட்சத்து 80 ஆயிரம் கூட கேக்கறாங்க.

இப்ப நியாயமா அவங்க பக்கமும் சொல்லிடறேன். வண்டி தாய்லாந்துல இருந்து வருதுன்னா டாலர் மட்டும் பாத்தா போதாது, அவங்க காசு பாட். மே மாசம் ஒரு பாட்டுக்கு 2 ரூபா 58 பைசா பக்கம், டிசம்பர்ல 2.80 தாண்டிருச்சு, ஏறக்குறைய 10 சதவீதம் ஏத்தம். அந்தக் கணக்குல 25 லட்சம் 27 லட்சத்து 50 ஆயிரம் ஆகும், ஜிஎஸ்டியோட 28 லட்சத்து 87 ஆயிரத்து 500. அதுக்கு மேல கேக்கற 92 ஆயிரத்துக்கு எந்த நாட்டுக் காசும் காரணம் இல்ல. ஜப்பான் யென்ல பில் வருதுன்னா டீலர் சொல்ற காரணம் இன்னும் எடுபடாது, அதே சமயத்துல ரூபாய்க்கு எதிரா யென் ஏறவே இல்ல, கொஞ்சம் எறங்கிதான் இருக்கு. 2024 ஜூலையில 100 யென் 52 ரூபாய்க்குக் கூட கிடைச்சுது, அந்த மலிவை யாரும் விவசாயிக்குக் குடுத்ததா எனக்குத் தெரியல.

அதனால டீலர்கிட்ட டாலரப் பத்தி சண்டை போடாதீங்க. கம்பெனி எந்தக் காசுல பில் போடுது, எந்தத் தேதி ரேட்டு, ஜிஎஸ்டி தனியா எவ்வளவு, இந்த மூணையும் எழுதிக் கேளுங்க. ஆசியான் (தாய்லாந்து மாதிரி தென்கிழக்கு ஆசிய நாடுங்க கூட்டமைப்பு) ஒப்பந்தத்துல வர்ற நாடுன்னா அங்க செஞ்சதுக்கான சர்டிபிகேட் இருந்தா இறக்குமதி வரியில சலுகை இருக்கும், அது வெலையில கழிச்சிருக்கான்னும் கேளுங்க.

கொழிஞ்சாம்பாறை நெல்லுக்காரன்:

அண்ணன்மாரே, ரொம்ப ரொம்ப நன்றிங்க. இந்த ஜிஎஸ்டி கணக்கு எங்க எட்டு பேர்ல ஒருத்தருக்கும் தோணல, டாலர்னு சொன்னதும் சரி நம்ம கையில இல்லாத விஷயம்னு வாய மூடிட்டு வந்துட்டோம்.

நேத்து நானும் இன்னும் ரெண்டு பேரும் கணக்க ஒரு நோட்டுல எழுதி எடுத்துட்டுப் போனோம். மொதல்ல டாலர் டாலர்னுதான் சொன்னாங்க. ஜிஎஸ்டி தனியா எழுதிக் குடுங்கன்னு கேட்டதும் உள்ள போய் மேனேஜர கூட்டிட்டு வந்தாங்க. ஒரு மணி நேரம் பேசி 28 லட்சத்து 90 ஆயிரத்துக்கு வந்திருக்குங்க. அந்தப் பொடி எழுத்து வரிய அடிச்சு, மார்ச் 15 வரைக்கும் வெலை மாறாதுன்னு சீல் போட்டுக் குடுத்தாங்க. பிளேடு செட்டும் பெல்ட்டும் தர்றேங்கறாங்க, பேரிங் மட்டும் இன்னும் இழுத்துட்டு இருக்கு. திங்கக்கிழமை பேங்குக்குப் போறோம்.

ஆத்தூர் அண்ணா, ஒரு உதவிங்க. எங்க பையன் ஒருத்தன் டிராக்டர் நல்லா ஓட்டுவான், பெல்ட் வண்டி தொட்டதில்ல. இந்த சீசனுக்கு உங்க வண்டி சித்தூர் பக்கம் வர்றப்ப ஒரு வாரம் உங்க டிரைவர்கூட ஏத்தி விட்டா வரப்புல எப்படி ஏத்தறது எறக்கறதுன்னு கத்துக்குவான். சாப்பாடு தங்கல் எல்லாம் எங்க வீட்டுலயே பாத்துக்கறோம்.

ஆத்தூர் அறுப்பு வண்டி:

தாராளமா அனுப்பு தம்பி. மாசி 10க்கு மேல கொல்லங்கோட்டுல இருப்போம். பேரிங்க விட்றாத, அதையும் வாங்கிரு.