மூன்ஸ்டரில் வென்ற கட்சி கெல்சன்கியர்ஷனில் ஏன் எடுபடவில்லை?

லிப்பேக்கரையான் | 2025 ஒக்ரோபர் 4, இரவு 10:40

செப்டம்பர் 14 ஜேர்மனியில எங்கட நோர்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநில உள்ளூராட்சித் தேர்தல் முடிஞ்ச நாளில இருந்து இதை எழுதவேணும் எண்டு இருந்தன். 2020 இல் பசுமைக் கட்சிக்கு 20 வீதம். இந்தமுறை 13.5. அதே அஞ்சு வருசத்தில தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 5 இல இருந்து 14.5க்கு வந்திட்டுது. கெல்சன்கியர்ஷன், டூயிஸ்பூர்க், ஹாகன் மூண்டிலயும் மேயர் பதவிக்கான இரண்டாம் சுற்றில நிண்டது ஏஎஃப்டி. ஆனா இரண்டு கிழமை கழிச்சு மூன்ஸ்டரில பசுமைக் கட்சிக்காரர் மேயராக வந்திருக்கிறார். பல்கலைக்கழகமும் சைக்கிளும் நிறைஞ்ச ஊர் மூன்ஸ்டர். சுரங்கம் மூடினபிறகு வேலை தேடி அலையிற ஊர் கெல்சன்கியர்ஷன். காரில ஒரு மணித்தியாலத் தூரம்தான்.

நான் 2021 பாராளுமன்றத் தேர்தலில பசுமைக் கட்சிக்கு வாக்குப் போட்டவன். 2025 பெப்ரவரித் தேர்தலில போடேல்லை. சூழலில அக்கறை போயிட்டுது எண்டு ஒருத்தரும் நினைக்கவேண்டாம். ஆறு மணிக்கு வேலைக்குப் போய் ரண்டரைக்கு வாற ஆள் நான். இந்தக் கட்சி என்னை நினைச்சு ஒரு சட்டம் எழுதினதாக எனக்குத் தெரியேல்லை. முதல் பில்லை நீட்டிப்போட்டு, உதவித்தொகை பிறகு வரும் எண்டு சொல்லுற கட்சி, காசுள்ளவனைத் தாண்டி வளராது. மாற்றுக் கருத்து இருக்கிறவை எழுதுங்கோ.

முல்லைநிலா | ஒக்ரோபர் 5, காலை 9:12

அண்ணா, நான் மூன்ஸ்டரில் இந்தக் கட்சியின் உறுப்பினர். அதனால் பக்கச்சார்பு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் எழுதியதில் பாதி, மற்றவர்கள் எங்கள் தலையில் கட்டியது.

ஹம் ஊன்ட்ரொப்பில் காமாட்சி அம்மன் கோயிலுக்கு வரும் ஒவ்வொருவரும் அங்குள்ள மின்நிலையத்தைக் கண்டிருப்பார்கள். நிலக்கரி எரிப்பதை நிறுத்தியது எங்களால் என்று அங்கே கதைக்கிறார்கள். நிலக்கரியை நிறுத்தும் சட்டம் 2020 இல் வந்தது. அப்போது ஆட்சியில் இருந்தவை பழமைவாதக் கட்சியான சிடியுவும் சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்பிடியும். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு 2011 இல் அணுமின்நிலையங்களுக்கு முடிவுத்திகதி குறித்தவர் சிடியுவின் சான்சலர் மேர்க்கல். கடைசி மூன்றும் 2023 ஏப்ரல் 15 மூடப்பட்டபோது பழி யாருக்கு வந்தது? எங்களுக்கு!

வீட்டைச் சூடாக்கும் கருவிகள் பற்றிய ஹைசுங் சட்டமும் அப்படித்தான். எங்கள் கட்சியின் பொருளாதார அமைச்சராக இருந்த ஹாபெக்கின் அமைச்சும் எஸ்பிடியின் கிளாரா கெய்விட்ஸின் அமைச்சும் சேர்ந்து எழுதியது அது. கெய்விட்ஸ் என்ற பெயரை உங்கள் தெருவில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 2023 பெப்ரவரி கடைசியில் வரைவு பத்திரிகைக்குக் கசிந்தது. அன்றிலிருந்து வீட்டுக்குள் வந்து போய்லரைக் கழற்றிக்கொண்டு போகப்போகிறார்கள் என்ற பயம்தான். உண்மையில் வேலை செய்கிற போய்லரைத் திருத்தி வைத்திருக்கலாம். புதிதாகப் பூட்டுவதுதான் 65 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியில் ஓடவேண்டும். உதவித்தொகை 70 வீதம் வரை. இதைச் சொல்ல எங்களுக்கு யார் இடம் தந்தார்கள்?

லிப்பேக்கரையான் | ஒக்ரோபர் 5, மதியம் 1:30

தங்கச்சி, மேர்க்கல் கையெழுத்து வைச்சதை நானும் மறக்கேல்லை. பொய்ப்பிரசாரம் நடந்ததும் உண்மை. ஆனா அந்தப் பொய் ஏன் ஒட்டிச்சுது?

பக்கத்து வீட்டில ஒரு ஜேர்மன் அம்மா இருக்கிறா. 2023 இல் 74 வயது. புருசன் சுரங்கத்தில நிண்டவர், இங்க 2010 இல் கடைசிச் சுரங்கம் மூடமுந்தியே செத்துப்போனார். அந்த வருசம் மார்ச்சில ஒருநாள் கதவைத் தட்டி, கீழ பேஸ்மென்ட்டுக்கு வந்து பார் எண்டா. போனன். எண்ணெய்த் தாங்கி, பக்கத்தில 1994 இல் பூட்டின போய்லர், மேல சுவரில ஒவ்வொரு வருசமும் புகை பரிசோதிக்கிறவர் ஒட்டிப்போன தாள்கள் வரிசையாக. எல்லாத்திலயும் அவ கையால திகதி எழுதி வைச்சிருந்தா. "இதைக் களவாகவா வைச்சிருந்தனான்?" எண்டு கேட்டா. அந்தக் கேள்வி எனக்கு இண்டைக்கும் காதில கேக்குது. அவவுக்குக் காசு மட்டும் பிரச்சினை இல்லை. ஒழுங்காக வாழ்ந்த தன்னை ஆரோ குற்றவாளி ஆக்கிப்போட்டினம் எண்ட உணர்வு.

அந்த வரைவு வெளிய வந்த நேரம் உதவித்தொகை எவ்வளவு எண்டு முடிவே எடுக்கேல்லை. செலவு தெரியும், உதவி தெரியாது. 70 வீதம் எண்ட கதை மாதக்கணக்கு கழிச்சுத்தான் உறுதியாச்சுது. அந்த இடைவெளிக்குள்ளதான் ஏஎஃப்டி புகுந்தது. பத்திரிகையும் தன்ர வேலையைச் செய்தது, சரி. கதவைத் திறந்து விட்டது ஆர்?

இது முதல் தடவையும் இல்லை. 1998 மார்ச்சில மாக்டெபூர்க் மாநாட்டில, பெற்றோல் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏத்தி லீற்றருக்கு 5 மார்க் ஆக்கவேணும் எண்டு தீர்மானம். அப்ப விலை 1.60 மார்க் மட்டில. 2013 இல் கன்டீனில கிழமைக்கு ஒருநாள் மரக்கறிச் சாப்பாடு எண்ட யோசனை. நல்ல நோக்கம்தான். ஆனா காரில்லாமல் வேலைக்குப் போகேலாதவனும், கன்டீனில சாப்பிடுறவனும் எப்படிக் கேப்பான் எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை.

கிரொய்ட்ஸ்பேர்க் | ஒக்ரோபர் 5, மாலை 5:05

இரண்டு பேரும் ஒரே பக்கத்தையே பார்க்கிறீர்கள். நான் பெர்லினில் 38 வருசம். 2002 இல் பசுமைக் கட்சியின் ஸ்ட்ரோபெல எங்கள் கிரொய்ட்ஸ்பேர்க் தொகுதியில் நேரடியாக வென்றபோது தெருவில் நின்று கைதட்டியவன். பசுமைக் கட்சிக்கு நாட்டிலேயே முதல் நேரடி வெற்றி அது. 2025 இல் அதே தொகுதி இடதுசாரிக் கட்சியான லிங்கவிடம் போய்விட்டது.

போனது எண்ணெய் போய்லராலா? இங்கே எல்லோரும் வாடகை வீடு. போனது லுட்செராத்தால். 2023 ஜனவரியில் அந்தக் கிராமத்தை நிலக்கரிக்காக இடிக்க, எதிர்த்து நின்ற பிள்ளைகளைப் பொலிஸ் இழுத்துக்கொண்டு போனது. 2030 இல் நிலக்கரியை நிறுத்துவோம் என்று நிலக்கரி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்து வைத்தவர்கள் பசுமை அமைச்சர்கள். என் மகள் அந்தச் சேற்றில் நின்றவள். திரும்பிவந்து கட்சி அட்டையைக் கொடுத்துவிட்டாள். பிறகு புகலிடச் சட்ட இறுக்கம். எங்களைப் போல அகதியாக வந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? 2025 இல் 18 முதல் 24 வயதுக்காரரிடம் முதலிடம் லிங்கவுக்கு. 2021 இல் அந்த வயதினரிடம் முன்னுக்கு நின்றது பசுமைக் கட்சி.

தம்பி லிப்பே, உமக்குப் பிடித்தமாதிரி மாறப் போய்த்தான் இவர்கள் எங்களை இழந்தார்கள். நீரும் வரவில்லை.

ஸ்டுட்கார்ட்_மணி | ஒக்ரோபர் 5, இரவு 8:22

நான் கோயமுத்தூர்க்காரன், கார் பாகங்கள் செய்யற தொழிலில் இருக்கேன். கிரொய்ட்ஸ்பேர்க் தாத்தா சொல்றதை என்னால ஒத்துக்க முடியலைங்க. நடுவுக்கு வந்தா தோத்துடுவோம்னா, எங்க மாநிலத்துல கிரெட்ஷ்மான் எப்படி ஜெயிச்சாரு?

பாடன் வுர்ட்டம்பேர்க் சிடியுவோட கோட்டை. அம்பது வருஷத்துக்கு மேல அவங்க ஆட்சிதான். 2011ல ஃபுகுஷிமா நடந்து ரெண்டு வாரத்துல தேர்தல். 24.2 சதவீதம் வாங்கி நாட்டுலயே முதல் பசுமை முதல்வர் ஆனாரு. அது அலைன்னு சொன்னாங்க. 2016ல 30.3. 2021ல 32.6. மூணு தடவையும் அலையா?

அவரு உயிரியல் வாத்தியார். கத்தோலிக்க சபை ஆளு. ஊர்ப் பேச்சுலதான் பேசுவாரு. கார் கம்பெனி முதலாளிங்ககிட்டயும் தொழிற்சங்கத்துக்கிட்டயும் உட்கார்ந்து பேசினாரு. என்கூட வேலை பார்க்கற ஃபோர்மேன் வாழ்நாள் முழுக்க சிடியு. கிரெட்ஷ்மானுக்கு மட்டும் ஓட்டுப் போட்டாரு. "அவர் என்னைத் திருத்த வரலை" அப்படின்னாரு. அவ்வளவுதாங்க விஷயம்.

கிரொய்ட்ஸ்பேர்க் | ஒக்ரோபர் 5, இரவு 9:10

தம்பி மணி, அது கிரெட்ஷ்மானுடைய வாக்கு. 2025 பாராளுமன்றத் தேர்தலில் உங்கள் மாநிலத்தில் கட்சி எடுத்தது அந்த 32.6 இன் பாதிகூட இல்லை. அவரைப் படியெடுத்து மற்ற 15 மாநிலத்துக்கும் அனுப்பமுடியாது. கார்க் கம்பெனிகளுக்குப் பிடித்த பசுமைக் கட்சி எதை மாற்றும்? வாக்கைக் கூட்டுவதற்காகக் கொள்கையைக் குறைத்தால், கூட்டின வாக்கை வைத்து என்ன செய்கிறது?

முல்லைநிலா | ஒக்ரோபர் 5, இரவு 11:48

இந்தக் கேள்விதான் எங்கள் கூட்டங்களில் ஒவ்வொரு மாதமும் வருகிறது. எங்கள் கட்சியின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஃபிஷரின் காலத்திலிருந்து வருகிறது. 1999 இல் கொசோவோ போருக்காகக் கூடிய பீலெஃபெல்ட் மாநாட்டில் அவர் காதிலேயே சாயப்பை வந்து விழுந்தது.

கிரொய்ட்ஸ்பேர்க் மாமா, ஆட்சியில் இருக்காத கட்சிக்குக் கை சுத்தமாக இருக்கும். 2000 இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால்தான் நான் பிறந்தபோதே ஜேர்மன்காரி. அதைக் கொண்டுவந்தது எஸ்பிடியும் நாங்களும் சேர்ந்த ஆட்சி. அதே வருடம் வந்த மின்சாரச் சட்டம், கூரையில் சூரியத்தகடு போடுகிறவனுக்கு 20 வருடம் நிலையான விலை கொடுத்தது. இன்று நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்கது. சமரசம் செய்யாமல் இதில் ஒன்றுகூட வந்திருக்காது.

ஆனால் அண்ணாவின் பேஸ்மென்ட் கதையை நான் இரண்டுதரம் வாசித்தேன். 2025 இல் தொழிலாளர்களிடம் எங்களுக்குக் கிடைத்தது 5 வீதம் என்று வாக்குச்சாவடிக் கணிப்பு சொன்னது. அதே தொழிலாளர்களிடம் ஏஎஃப்டிக்கு 38. நான் இதைப் பொய்ப்பிரசாரம் என்று மட்டும் சொல்லி நித்திரைக்குப் போகமுடியாது. எங்கள் கிளைக் கூட்டத்தில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மாணவர்கள் இருக்கிறார்கள், வைத்தியர்கள் இருக்கிறார்கள். இரவுவேலை செய்கிற ஒருவர்கூட இல்லை. கூட்டம் மாலை ஏழு மணிக்கு வைக்கிறோம்.

கிழக்கு இன்னும் மோசம். 2024 செப்டம்பரில் துரிங்கியாவில் 3.2, பிராண்டன்பூர்க்கில் 4.1. இரண்டு சட்டமன்றத்திலிருந்தும் வெளியே. அந்த மாதமே தலைவர்கள் இரண்டு பேரும் பதவி விலகுவதாக அறிவித்தார்கள்.

ஸ்டுட்கார்ட்_மணி | ஒக்ரோபர் 6, காலை 7:35

முல்லை, அந்தக் கிளிமகெல்ட் பத்தி யாருமே எழுதலையே. என்னைக் கேட்டா பெரிய ஓட்டை அதுதாங்க.

லிப்பேக்கரையான் | ஒக்ரோபர் 6, மாலை 4:15

மணி சரியாகப் பிடிச்சிட்டார். தெரியாதவைக்குச் சொல்லுறன்: பெற்றோல், எண்ணெய், காஸ் எல்லாத்துக்கும் கரியமில வாயுவுக்கு எண்டு ஒரு விலை எடுக்கினம். 2021 இல் தொன்னுக்கு 25 யூரோ. அது முதல் 10 எண்டுதான் இருந்தது, மாநிலங்கள் அவையில பசுமைக் கட்சி நிண்டு 25 ஆக்கினது. 2025 இல் 55. எடுக்கிற காசைத் தலைக்கு இவ்வளவு எண்டு எல்லாருக்கும் திருப்பிக் குடுக்கிறதுதான் கிளிமகெல்ட். குறைய எரிக்கிற ஏழைக்கு மிச்சம் வரும், கூட எரிக்கிற பணக்காரனுக்குக் கை கடிக்கும். எவ்வளவு நீதியான யோசனை! அதுக்கு வழி செய்யிறம் எண்டு எஸ்பிடி, பசுமைக் கட்சி, எஃப்டிபி மூண்டும் சேர்ந்த 2021 கூட்டணி ஒப்பந்தத்தில எழுதினவை. விலை ஏறிச்சுது. திருப்பிக் குடுக்கிற காசு ஒரு சதமும் வரேல்லை.

நிதியமைச்சர் எஃப்டிபியின் லின்ட்னர் இழுத்தடிச்சவர் எண்டு முல்லை சொல்லுவா. 2023 நவம்பரில அரசியலமைப்பு நீதிமன்றம் காலநிலை நிதியில 60 பில்லியன் யூரோவை வெட்டினதையும் சொல்லுவா. ரண்டும் உண்மை. அப்ப ஏன் இதுக்காகக் கூட்டணி உடையிற அளவுக்குச் சண்டை பிடிக்கேல்லை? அணுமின்நிலையத்துக்காக 2022 இல் அவ்வளவு சண்டை பிடிச்சவை.

கிரொய்ட்ஸ்பேர்க் அண்ணை, உங்கட மகள் சேத்தில நிண்டதை நான் மதிக்கிறன். நானும் அவவும் எதிர்ப்பக்கம் எண்டு நீங்கள் எழுதினது மனசைச் சுட்டுது. கிளிமகெல்ட்டைக் குடுத்திருந்தால் ரண்டு பேரும் வாக்குப் போட்டிருப்பம். எனக்கு அது கொள்கையைக் குறைக்கிறதாகத் தெரியேல்லை.

முல்லைநிலா | ஒக்ரோபர் 6, மாலை 6:50

அந்தச் சண்டையை நாங்கள் பிடித்திருக்கவேண்டும். இதில் என்னிடம் எதிர்வாதம் இல்லை. அண்ணா, பக்கத்து வீட்டு அம்மா இப்போது என்ன செய்கிறா?

லிப்பேக்கரையான் | ஒக்ரோபர் 6, இரவு 10:20

அவ அப்படியே வைச்சிருக்கிறா. போனமாதம் நான் ரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஹீற் பம்ப்புக்கு விலை கேட்டன். எனக்கு வந்த கணக்கு 34,000 யூரோ. உதவி 30,000க்குத்தான் கணக்குப் பார்ப்பினம். 70 வீதமே கிடைச்சாலும் 21,000. மிச்சம் 13,000 என்ர கை. அதோட வேலை முடிஞ்சபிறகுதான் உதவிக் காசு வரும், அதுவரை முழுக்க நான் கட்டவேணும். வங்கியில கடன் எடுக்கலாம், எனக்கு 51 வயது. அவவுக்கு இப்ப 76.

வருசம் 2,000 லீற்றர் எரிக்கிறன். அந்தக் கரியமில விலை மட்டுமே 350 யூரோவுக்குக் கிட்ட வருது. மாத்தத்தான் வேணும் எண்டு எனக்குத் தெரியும், மாத்த விருப்பமும் இருக்கு. இண்டைக்கு வேலையால வந்து தாங்கியைப் பார்த்தன். முள்ளு கால்வாசியில நிக்குது. குளிர் தொடங்கமுதல் 1,000 லீற்றர் அடிக்கச் சொல்லியிருக்கிறன். அவவுக்கும் சேர்த்து ஒரே வண்டியில வருது, சேர்ந்து எடுத்தால் லீற்றருக்கு ரண்டு மூண்டு சதம் குறைப்பினம்.

முல்லை, உங்கட கூட்டத்தை ஒரு சனிக்கிழமை காலமையில வையுங்கோ. நான் வாறன். அவவையும் கூட்டிக்கொண்டு வாறன்.