தோளும் முழங்காலும் ஒத்துழைக்காதபோது தாய் சி அசைவுகளை எப்படிச் செய்வது?

கேள்வி:
மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தாய் சியில், யாங் மரபின் 24 அசைவுத் தொடரை மூன்றாண்டுகளாகப் பயின்று வருகிறேன். வலத் தோள் இறுகிவிட்டதால் அந்தக் கையைத் தோள்மட்டத்துக்கு மேல் உயர்த்த இயலவில்லை. இடது முழங்காலும் ஆழமாக மடங்குவதில்லை. ‘பாம்பு ஊர்ந்து இறங்குதல்’ வரும்போது, மற்றவர்கள் இறங்கி எழும்வரை நான் வெறுமனே நிற்கிறேன். இயலாத அசைவுகளை விட்டுவிடலாமா? சிறிதாக்கிச் செய்தால் அது தாய் சி ஆகுமா?

மறுமொழி 1:
விடாதீர்கள், சிறிதாக்குங்கள். தாங்கள் பயிலும் தொடரே, நீண்ட யாங் தொடரைச் சுருக்கிச் சீனாவில் 1956-இல் வகுக்கப்பட்டதுதான். ‘பாம்பு ஊர்ந்து இறங்குதல்’ அதில் 16, 17 ஆகிய இரு அசைவுகளில் வருகிறது. 16-ஆம் அசைவில் ஆழமாக மடங்குவது வலக்கால்; இடக்கால் நீண்டிருக்கும். 17-இல் இது மாறி முழுச்சுமையும் இடது முழங்காலில் விழுவதால், அங்கே பாதி அடி மட்டும் வைத்து, இடுப்பை இறக்காமல் எடையைப் பின்காலுக்கு மாற்றி, கையைத் தொப்புள் மட்டம்வரை கொண்டுவந்து, மீண்டும் முன்காலுக்கு மாற்றினால் போதும். இறங்கி எழுந்தபின் ஒற்றைக்காலில் நிற்பது கடினமெனில் உயர்த்தும் காலின் நுனிவிரல்கள் தரையைத் தொட்டிருக்கட்டும்.

மறுமொழி 2:
தோளைப் பற்றி ஒன்று. இரு கைகளும் மாறிமாறி உடலுக்கு முன் வட்டமிடும் ‘மேகக் கைகள்’ அசைவில் கையைச் சுழற்றுவது தோளன்று, இடுப்பின் திருப்பம். வலக்கை நெஞ்சுமட்டத்தோடு நின்றாலும் திருப்பம் முழுமையாக இருந்தால் அசைவு கெடாது. கையை உயர்த்த முயலும்போது தோள் காதை நோக்கி ஏறினால், அந்த உயரம் தங்களுக்கு அதிகம் என்று பொருள். இரு கைகளும் ஒத்திருக்க இடக்கையையும் அதே அளவுக்குத் தாழ்த்திவிடுங்கள்.

மறுமொழி 3:
கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நலமான தோளையும் சுருக்கிப் பழக்கினால் அதுவும் நாளடைவில் இறுகும். பார்ப்பவர் கண்ணுக்காக அதைச் செய்ய வேண்டியதில்லை. முழங்காலுக்கு ஆபத்து ஆழத்தைவிட முறுக்கில்தான் அதிகம். எடை ஏறிய காலின் பாதத்தைத் திருப்பாமல், முதலில் எடையைப் பின்னுக்கு எடுத்து, பாதத்தைத் திருப்பி, பிறகு உடலைத் திருப்புங்கள். முழங்காலை அதிகம் மடக்காத உயரமான நிலைகளைக் கொண்ட சுன் என்ற இன்னொரு தாய் சி மரபையும் பார்க்கலாம். மருத்துவர் பால் லாம் 1997-இல் மூட்டுவலிக்காரர்களுக்கென வகுத்த பயிற்சி அதையே அடிப்படையாகக் கொண்டது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 17-ஐப் பாதி அடியில் செய்து பார்த்தேன், முழங்கால் வலிக்கவில்லை. பாதத்தைத் திருப்புமுன் எடையை எடுக்கத்தான் அடிக்கடி மறந்துவிடுகிறேன்.