லீற்றர்ப் பேணி: சபை வளர்ந்ததை நாங்கள் கண்ட விதம்

திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம் கடை வைத்திருக்கும் சகோதரர்

சபை வளர்ச்சி என்று பேச்சு வந்தால் எங்களில் பலர் முதலில் கதிரைகளைத்தான் எண்ணுவோம். நானும் பல வருஷம் அதையே செய்தேன். சபையின் செயலாளர் நான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்று கொப்பியில் எழுதுவது என் வேலை.

2017இல் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியாரை அழைத்து மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் வைத்தோம். வாடகைக்கு எடுத்த 300 கதிரையும் நிறைந்தது. கடைசி இரவு 41 பேர் முன்னால் வந்து அட்டையில் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் அழுது ஸ்தோத்திரம் பண்ணினோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அந்த 41 பேரில் நாலு பேர்தான் மிச்சம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் திகதி பார்த்தோம்.

2020 தொடக்கத்தில் எங்களுக்குப் புதிய போதகர் வந்தார். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். ரோமர் நிருபத்தை ஒன்றரை வருஷம் எடுத்தார், வசனம் வசனமாக. நீதிமானாக்கப்படுதல் (தேவன் கிருபையால் ஒருவனை நீதிமான் என்று ஏற்பது) என்றால் என்ன, பரிசுத்தமாக்கப்படுதல் (ஏற்கப்பட்டவனுடைய வாழ்க்கை மாறுவது) என்றால் என்ன, இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று வாரத்துக்கு வாரம். கொரோனா காலத்தில் ஒன்றுகூட முடியாதபோது வீட்டுக்கு வீடு தொலைபேசியில் பாடம் சொன்னார். "ஆசீர்வாதச் செய்தி இல்லை, அற்புதம் இல்லை" என்று பலர் வேறு சபைகளுக்குப் போனார்கள். 64 பேர் 38 ஆனோம். என் கொப்பியைப் பார்க்கவே எனக்கு மனமில்லை. ஒருநாள் அவரிடம் நேரே சொன்னேன்: "பாஸ்டர், இப்படியே போனால் சபை இருக்காது." அவர் கோபப்படவில்லை. "நட்டது பவுல், நீர் பாய்ச்சியது அப்பொல்லோ. விளையச் செய்தது யார், தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் தீத்து நிருபம் தொடங்கினார். இரண்டாம் அதிகாரத்துக்கு வந்தபோது என் கதை தொடங்கியது.

என் கடையில் மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் விற்கிறேன். வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில்தானே ஓடுகின்றன. அளப்பது ஒரு லீற்றர்த் தகரப்பேணியால். கடையை முன்பு நடத்தியவரிடமிருந்து கைக்கு வந்த பேணி அது. அதன் அடி உள்ளே நெளிந்திருந்தது. ஒரு தடவை அளக்க 50 மில்லிலீற்றர் குறையும். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே வருஷக்கணக்காக அளந்தேன். காலையில் அதே கையால் வேதத்தைப் புரட்டினேன்.

மண்ணெண்ணெய் 87 ரூபாய் விற்றபோது பத்து லீற்றர் வாங்குகிறவருக்கு நான் எடுத்தது நாற்பத்துச் சொச்சம் ரூபாய். 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் 340 ஆக ஏறியது. அதன் பிறகு அதே பத்து லீற்றரில் 170 ரூபாய் எடுத்தேன், கடலுக்குப் போனால் செலவுக்கே காணாது என்று படகைக் கரையில் இழுத்து வைத்திருந்த மனிதனிடமிருந்து.

அந்த நாட்களில் ஒரு பெரியவர் எண்ணெய் வாங்க வந்தார். பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போகிறவர். எங்கள் சபை அவர் வீட்டுக்குப் பின்னால்தான். நான் அளக்கும்போது என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, உங்கட ஜெபம் எங்கட வீட்டுக்கு நல்லாக் கேக்குது. இந்தப் பேணி என்ன சொல்லுதெண்டும் கேக்குது." காசை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஞாயிறுதான் தீத்து 2:10. இரட்சகருடைய உபதேசத்தை எல்லாவிதத்திலும் அலங்கரிக்க வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். யாருக்கு? சபையை நடத்துகிற கண்காணிகளுக்கல்ல, அடிமைகளுக்கு. "திருடாமல்" என்ற சொல்லும் அதே வசனத்தில் இருக்கிறது. உபதேசம் தன்னளவில் குறைவில்லாதது, ஆனால் அதற்கு அழகு சேர்ப்பதும் அசிங்கம் சேர்ப்பதும் வேலைக்காரனுடைய கை என்று போதகர் விளக்கினார். நான் முன்வரிசையில் இருந்தேன். எழுந்து போக வேண்டும் போலிருந்தது.

இரவு அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஜெபித்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். "யார் யாருக்கு, எவ்வளவு?" என்று கேட்டார். என்னிடம் நாலு வருஷக் கடன் கொப்பி இருந்தது, 23 பேருடைய கணக்கு. எண்ணாகமம் 5ஐத் திறந்து காட்டினார்: அறிக்கையிட வேண்டும், முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மேலே ஐந்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். "இது உங்களை இரட்சிக்காது. இரட்சிக்கப்பட்டவன் செய்கிறது இது" என்றார். ரோமரை ஒன்றரை வருஷம் கேட்டிருக்காவிட்டால் அந்த வேறுபாடு எனக்குப் புரிந்திருக்காது. காசைக் கட்டிப் பாவத்தைக் கழுவப் பார்த்திருப்பேன். அல்லது கிருபை இருக்கிறதே என்று கொப்பியை மூடி வைத்திருப்பேன்.

கணக்குப் பார்த்தோம். நாலு இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல் வந்தது. மனைவியின் இரண்டு காப்புகள் அடகுக்குப் போயின. மிச்சத்தை 14 மாதத்தில் கட்டினேன். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். ஒருவர் கதவிலேயே வைத்து ஏசினார். இன்றுவரை என் கடைக்கு அவர் வருவதில்லை, அது அவர் உரிமை. கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு முஸ்லிம் நானா காசை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு, "எங்கட வேதத்தில அளவு குறைக்கிறவங்களுக்கெண்டே ஒரு சூரா இருக்கு, தெரியுமா?" என்றார். எங்கள் நீதிமொழிகளிலும் கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று இருப்பதைச் சொன்னேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

எட்டு மாதம் சபைக்குப் புதிதாக ஒருவரும் வரவில்லை. பிறகு அந்தப் பெரியவரின் கடைசி மகன் ஒரு புதன்கிழமை வேதபாடத்துக்கு வந்து பின்னால் உட்கார்ந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "அப்பா சொன்னார், அங்க என்ன படிப்பிக்கிறாங்கள் எண்டு பார்த்திட்டு வா எண்டு." அவர் மனைவி வந்தார், மனைவியின் தங்கை வந்தார், பக்கத்து வாடியிலிருந்து இரண்டு குடும்பம் வந்தது. இப்போது நாங்கள் தொண்ணூறு பேரளவில். பெரியவர் இன்னும் கோயிலுக்குத்தான் போகிறார். எனக்கு அவர் மேல் இருக்கிற மரியாதை கூடித்தான் இருக்கிறது.

உங்கள் ஊரில், உங்கள் சபையில் நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

மூதூரிலிருந்து ஒரு ஆசிரியை

அண்ணன், உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். இதன் மறுபக்கத்தை நான் பார்த்திருக்கிறேன்.

2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது எனக்குப் 19 வயது. நாங்கள் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். உதவிக்கு வந்தவர்களில் பலர் நல்லவர்கள், கர்த்தர் அவர்களுக்குப் பலன் கொடுப்பாராக. ஆனால் ஒரு குழு மட்டும் அரிசி மூட்டையோடு ஒரு பெயர்ப் பட்டியலும் கொண்டு வந்தது. கூட்டத்துக்கு வந்து பெயர் கொடுத்தால் பொதி. எங்கள் அம்மா மூன்று தலைமுறைக் கிறிஸ்தவப் பெண். அவர் எழும்பிப் போய், "இயேசு எங்களிட்ட விலை கேக்கயில்ல. நீங்க இந்தச் சனத்திட்ட ஏன் கேக்கிறீங்க?" என்று கேட்டார். எங்களுக்கு அந்த வாரம் பொதி கிடைக்கவில்லை.

அறுபது பேரளவில் கூட்டத்துக்கு வந்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். பொதி நின்றதும் கூட்டமும் நின்றது. அந்தப் படங்கள் எங்கோ ஒரு அறிக்கையில் சபை வளர்ச்சி என்று போயிருக்கும். இங்கே எங்களுக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். இருபது வருஷம் கழிந்தும், ஒருவர் ஞானஸ்நானம் எடுத்தார் என்று கேள்விப்பட்டால் அயலார் கேட்பார்கள்: "எத்தினை கிலோ?" மனதுக்கு வலிக்கும். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதால் இன்னும் வலிக்கும்.

அதே முகாமில் வயதான ஒரு அம்மா இருந்தார். அவரும் எல்லாவற்றையும் இழந்து வந்தவர். பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிப்புச் சொல்லிக் கொடுப்பார், கேட்கிறவர்களுக்கு மட்டும் வேதம் வாசிப்பார். வரிசையில் தண்ணீருக்கு நிற்கும்போது பின்னால் நிற்கிற கர்ப்பிணியை முன்னால் விடுவார். பொய் சொல்லி இரண்டாவது பாய் வாங்கலாம் என்று ஒருவர் சொன்னபோது, "எனக்கு ஒண்டு போதும் பிள்ளை" என்றார். அவர் மூலம் இயேசுவிடம் வந்தவர்கள் மூன்றே பேர். அந்த மூவரும் இன்றும் நிற்கிறார்கள். ஒருவர் இப்போது எங்கள் ஞாயிறு பள்ளியை நடத்துகிறார்.

கிருபை இலவசம் என்பதுதான் எங்கள் உபதேசத்தின் நடு. அதைப் பொதிக்கு விற்ற அன்றே உபதேசம் கெட்டுவிட்டது. கெட்ட உபதேசத்திலிருந்து சபை எப்படி வரும்?

உப்புவெளியிலிருந்து ஒரு வாலிபத் தம்பி

ஒரு விஷயத்தை மறுத்துச் சொல்ல வேண்டும், அண்ணன் மன்னியுங்கள். நான் வளர்ந்த சபையில் உபதேசம் சுத்தம். யார் தவறாகப் பிரசங்கித்தாலும் ஐந்து நிமிஷத்தில் வசனத்தோடு பிடிப்பார்கள். ஆனால் ஒருவர் ஒருவரோடு பேச மாட்டார்கள். என் நண்பனை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். அரைக்காற்சட்டையோடு வந்தான் என்று வாசலிலேயே ஒரு மூப்பர் பார்த்த பார்வையில் திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் வரவேயில்லை. வெளிப்படுத்தலில் வருகிற எபேசு சபை கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடித்த சபைதான். ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்று கர்த்தர் அதனிடம்தானே சொன்னார்?

ஓய்வுபெற்ற மெதடிஸ்த போதகர்

தம்பி சொன்னது சரி. பரிசுத்தம் என்றால் காற்சட்டை நீளம் என்று நினைக்கிற இடத்தில் பரிசுத்தமும் இல்லை, உபதேசமும் இல்லை. அதே எபேசுவில் இருந்த தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதினார்: உன்னைக்குறித்தும் உபதேசத்தைக்குறித்தும் எச்சரிக்கையாயிரு. "உன்னை" முதலில் வருகிறது, பாருங்கள்.

எங்கள் மெதடிஸ்த மிஷனரிமார் 1814 ஜூன் மாதம் காலியில் வந்து இறங்கினார்கள். அவர்களை வழிநடத்தி வந்த தோமஸ் கோக் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார். தலைவன் இல்லாமல் வந்து சேர்ந்த அந்த வாலிபர்கள் கையோடு கொண்டு வந்தது மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் ஒழுங்கை. அது என்ன ஒழுங்கு? 1743இல் வெஸ்லி இங்கிலாந்தின் நியூகாசிலில் இருந்த மெதடிஸ்த சங்கத்தை ஆளாளாக விசாரித்து 64 பேரை விலக்கினார். காரணங்களைத் தன் நாட்குறிப்பில் எண்ணிக்கையோடு எழுதி வைத்தார். குடிவெறிக்காக 17 பேர், வேண்டுமென்று பொய் சொன்னதற்காக 3 பேர், அசட்டையாக நடந்ததற்காக 29 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர். இப்படி ஆட்களைக் குறைத்த இயக்கம் 1791இல் அவர் இறக்கும்போது பிரித்தானியாவிலும் அயர்லாந்திலுமாக 70,000 பேரைத் தாண்டியிருந்தது.

அந்தப் பட்டியலில் கடைசியாகச் சொன்னவரைப் போல ஒருவர் என் ஊழியத்திலும் வந்தார். இந்த மாவட்டத்தில் நான் இருந்த ஒரு சபையில் செல்வாக்குள்ள ஒரு மூப்பர். காணிக்கையில் பெரும்பங்கு அவருடையது. மனைவியை அடிப்பார், ஊருக்கே தெரியும். எனக்கு முன்பிருந்தவர்கள் "குடும்பப் பிரச்சினை" என்று விட்டிருந்தார்கள். நானும் முதல் வருஷம் விட்டேன். அதை இன்றும் கர்த்தரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெரிய வெள்ளியன்று அந்த அம்மா முக்காட்டை இழுத்துக் காயத்தை மறைத்துக்கொண்டு திருவிருந்துக்கு முழங்காற்படியிட்டார். பக்கத்தில் அவர். கிண்ணத்தைக் கொடுக்கும்போது என் கை நடுங்கியது.

மறுவாரம் இரண்டு பேரோடு போய்ப் பேசினேன். மத்தேயு 18இன்படி படிப்படியாகச் செய்தோம். மனந்திரும்பும்வரை அவருக்குத் திருவிருந்து இல்லை, மூப்பர் பொறுப்பும் இல்லை என்று அறிவித்தோம். ஏழு குடும்பம் அவரோடு எழும்பிப் போனது. மின் கட்டணம் கட்டக் காசில்லாமல் அந்த வருஷம் நத்தார் ஆராதனையைப் பகலில் வைத்தோம். அந்த அம்மா மட்டும் வந்துகொண்டேயிருந்தார்.

அப்போஸ்தலர் 5ஐ வாசியுங்கள். காணிக்கையில் பொய் சொன்ன அனனியாவும் சப்பீராளும் விழுந்து இறந்த பிறகு மற்றவர்களில் ஒருவரும் சேரத் துணியவில்லை என்கிறது ஒரு வசனம். திரளான ஆண்களும் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள் என்கிறது அடுத்த வசனம். முன்பு எனக்கு அது முரண்பாடாகத் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஒருவர் சொன்னார்: "அந்தக் கோயில்ல அடி வாங்கின பொம்பிளையின்ட பக்கம் நிண்டாங்கள் எண்டு கேள்விப்பட்டன், ஐயா." அதன் பிறகு அந்த இரண்டு வசனமும் எனக்கு முரண்படவில்லை.

மூதூர் ஆசிரியை

அண்ணன், ஒரு கேள்வி. கொப்பியில் பெயர் இல்லாமல் கைக்காசுக்கு வாங்கிப் போனவர்களுக்கு என்ன செய்தீர்கள்?

திருக்கடலூர்ச் சகோதரர்

அதுதான் இரவில் நித்திரையைக் கெடுத்தது, தங்கச்சி. கடை வாசலில் ஒரு மட்டை எழுதித் தொங்கவிட்டேன்: "இந்தக் கடையில் அளவு குறைத்து விற்கப்பட்டது. வாங்கியவர்கள் வந்து சொல்லுங்கள், திருப்பித் தருவேன்." மனைவியும் பிள்ளைகளும் அதைக் கடந்துதான் தினமும் போனார்கள். 9 பேர் வந்தார்கள். சொன்ன அளவை நம்பிக் கொடுத்தேன். ஒரு பையன் வந்து, அப்பா இங்கேதான் எண்ணெய் வாங்குவார், அவர் இப்போது இல்லை என்றான். அவன் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மட்டை இன்னும் தொங்குகிறது, எழுத்து வெயிலில் மங்கிவிட்டது. போன மாதம் மகள் புதிதாக எழுதித் தந்தாள். வராதவர்கள் யாரையாவது தெரிந்தால் வரச் சொல்லுங்கள். காலை ஐந்தரைக்குக் கடை திறந்துவிடுவேன்.